கிரில் குறைகிறதா? ஒற்றை வரியில் விடை சொல்ல முடியாததன் காரணம்

கேள்வி இதுதான்: அண்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள தென்பெருங்கடலில் கிரில் என்னும் இறால்போன்ற சிறு கடலுயிரி பெருமளவு குறைந்துவிட்டது என்று ஓர் ஆய்வுக் கட்டுரையும், குறைந்ததற்குச் சான்றே இல்லை என்று இன்னோர் ஆய்வுக் கட்டுரையும் சொல்கின்றன, இரண்டுமே ஏறத்தாழ ஒரே வலைத் தரவுகளை வைத்து எழுதப்பட்டவை, அப்படியிருக்க எதை நம்புவது? இரண்டு தரப்பிலும் நேர்மைக் குறைவு எதுவும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எண்ணப்படும் உயிரி எப்படிப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அந்த எண்களைப் படித்தால் குழப்பமே மிஞ்சும். ஆகவே விலங்கிலிருந்து தொடங்கி எண்ணுக்கு வருகிறேன்.

கிரில் என்பது நார்வே மொழிச் சொல். பொடி மீன்களைக் குறிக்க வழங்கியது. உலகக் கடல்களில் ஏறத்தாழ 86 கிரில் இனங்கள் உள்ளன. தமிழில் இதனை இறால் என்றும் கூனி என்றும் எழுதிவிடுகிறார்கள். தோற்றத்தில் ஒற்றுமை இருந்தாலும் அது சரியல்ல. இறாலின் செவுள்கள் முதுகோட்டின் மடிப்புக்குள் மறைந்திருக்கும். கிரிலின் செவுள்கள் ஓட்டுக்கு வெளியே, கால்களின் அடியில் சிறு இறகுகள்போல் தொங்கிக்கொண்டிருக்கும். இரண்டும் வெவ்வேறு வரிசைகளைச் சேர்ந்தவை. கேள்வியில் உள்ள சர்ச்சை ஓர் இனத்தைப் பற்றியது மட்டுமே: அண்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள கடலில் வாழும் யூபாசியா சூப்பெர்பா.

முழுவளர்ச்சி பெற்ற ஒரு கிரிலைக் கண்ணாடித் தொட்டியில் வைத்துப் பார்ப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். நீளம் 6 சென்டிமீட்டர் வரை, எடை 2 கிராம் வரை. உடல் கண்ணாடிபோல இருக்கும், ஆங்காங்கே செம்புள்ளிகள். மிளகுபோன்ற இரண்டு பெரிய கருங்கண்கள். அண்மையில் உண்டிருந்தால், தின்ற நுண்பாசியின் பச்சை நிறம் ஓட்டின் வழியாகவே தெரியும். கண்காம்புகளிலும் சில கால்களின் அடியிலும் வயிற்றுக் கண்டங்களிலுமாக மொத்தம் 10 ஒளியுறுப்புகள் இருக்கும். நெஞ்சுப் பகுதியின் 6 இணைக் கால்களில் நெருக்கமாக வளர்ந்துள்ள நுண்மயிர்கள் ஒன்றோடொன்று பின்னி ஒரு கூடையாகின்றன. கால்களை வெளிப்புறமாக விரிக்கும்போது முன்புறத்திலிருந்து நீர் கூடைக்குள் பாய்கிறது. கால்களை உள்ளே இறுக்கும்போது நீர் பக்கவாட்டில் பிழிந்து வெளியேற, சில மைக்ரோமீட்டர் அளவேயுள்ள பாசிகள்கூட மயிர் வலையில் தங்கிவிடுகின்றன. நுண்பாசி இல்லாத காலத்தில் இதே கால்களின் நுனியிலுள்ள கூர்மயிர்களைப் பரம்புபோலப் பயன்படுத்தி, கடற்பனியின் அடிப்பரப்பில் ஒட்டியிருக்கும் பாசியை வழித்தெடுக்கும்.

இந்த விலங்குக்கு ஓய்வு என்பது அநேகமாக இல்லை. அதன் உடல் கடல்நீரைவிட அடர்த்தியானது. நீந்துவதை நிறுத்தினால் மூழ்கத் தொடங்கிவிடும். வயிற்றுப் பகுதியிலுள்ள 5 இணை நீச்சல் கால்கள் அலையலையாக அடித்துக்கொண்டே இருக்கின்றன. ஆனாலும் வயிறு நிறைந்த கிரில் சற்று நேரம் நீந்துவதை நிறுத்திக் கீழே இறங்கிவிடுகிறது என்று 2006-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. பகலில் ஆழத்துக்கு இறங்கி இரவில் மேலேறும் என்ற பாடநூல் விதி இங்கே அவ்வளவு ஒழுங்காகச் செல்லுபடியாகாது. ஒரே இரவில் ஒரே திரளைச் சேர்ந்த கிரில்கள் பலமுறை இறங்கி ஏறக்கூடும்.

அவை எவ்வளவு ஆழம் செல்லும் என்பதில்தான் ஆய்வாளர்கள் நெடுங்காலம் தவறாக எண்ணிக்கொண்டிருந்தார்கள். கிரில் என்றால் மேல் 200 மீட்டரில் வாழ்வது என்பதே வலை இழுக்கும் முறையிலிருந்து கணக்குப் போடும் முறை வரை எல்லாவற்றுக்கும் அடிப்படையாக இருந்தது. 2008-இல் வெளியான கட்டுரை ஒன்று, அண்டார்க்டிகத் தீபகற்பத்துக்கு அப்பால் ஆளில்லா நீர்மூழ்கி ஒன்றின் கேமராவில் 3,000 மீட்டருக்கும் கீழே, கடலடிச் சேற்றின்மேல் கிரில் இரை தேடிக்கொண்டிருந்த காட்சி பதிவானதைத் தெரிவித்தது. 2011-இல் வெளியான மற்றொன்று, 400 முதல் 700 மீட்டர் ஆழத்தில் கடலடியை ஒட்டி அவை இணைசேரும் காட்சியை விவரித்தது. அதே ஆண்டில் வந்த இன்னோர் ஆய்வு, கிரிலின் இரைப்பையில் கடலடி வண்டல் இருப்பதையும், அதன்வழி இரும்புச்சத்து மேல்நீருக்கு வந்துசேர்வதையும் எடுத்துக்காட்டியது. மேல் 200 மீட்டரை மட்டும் அரித்துவிட்டு ‘இவ்வளவுதான் இருக்கிறது’ என்று சொல்வதில் உள்ள சிக்கல் இப்போது விளங்கும்.

வலையின் கதையும் அப்படித்தான். முறையான கிரில் ஆராய்ச்சி 1925-இல் பிரிட்டனின் டிஸ்கவரி ஆய்வுப் பயணங்களோடு தொடங்கி, 1951 வரை நடந்தது. திமிங்கில எண்ணெயின் மீது விதித்த வரியிலிருந்தே அதற்குச் செலவு செய்தார்கள். திமிங்கில வேட்டையை ஒழுங்குபடுத்த வேண்டுமென்றால் அவை எதைத் தின்கின்றன என்று தெரியவேண்டும் என்பதே நோக்கம். தென்துருவப் பயணி ஷேக்கில்டனின் கடைசிப் பயணத்தில் சாரணச் சிறுவனாகக் கப்பலேறிய ஜேம்ஸ் மார், பின்னாளில் இந்தப் பயணங்களில் கடல் உயிரியலாளராகப் பணியாற்றி, 1962-இல் கிரிலைப் பற்றி ஒரு பெருநூலை வெளியிட்டார். இன்றும் அந்த நூலைப் புரட்டாமல் யாரும் இத்துறைக்குள் நுழைவதில்லை. ஆனால் அன்று இழுத்த வலைகள் சிறியவை. பிற்காலத்தில் வந்தவை 8 சதுர மீட்டர் வாய் கொண்டவை. பகல் வெளிச்சத்தில் கிரில் வலையைக் கண்டு விலகும். அஞ்சினால் வாலைச் சுண்டிப் பின்னோக்கிப் பாயும். சில நேரங்களில் திடுக்கிட்டு அந்த நொடியிலேயே ஓட்டைக் கழற்றி மிதக்கவிட்டுத் தப்பித்துவிடும் என்பதையும் திரளுக்குள் இறங்கிய முக்குளிப்பு ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். ஆகவே 1930-இல் பகலில் சிறுவலையில் கிடைத்த எண்ணிக்கையையும் 1990-இல் இரவில் பெருவலையில் கிடைத்த எண்ணிக்கையையும் அப்படியே அருகருகே வைத்து ஒப்பிட முடியாது. கிரில்பேஸ் என்ற தரவுத்தொகுப்பு 1926 முதலான ஆயிரக்கணக்கான வலை இழுவைகளைத் திரட்டி, ஒவ்வொன்றையும் ‘ஜனவரி 1 அன்று, இரவில், 8 சதுர மீட்டர் வலையால், மேல் 200 மீட்டரில் இழுத்திருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும்’ என்று மாற்றிக் கணக்கிடுகிறது. பாராட்டத்தக்க உழைப்புதான், ஆனால் அந்த மாற்றக் காரணிகள் ஒவ்வொன்றிலும் ஒரு சிறு ஊகம் ஒளிந்திருக்கிறது என்பதை மறக்கலாகாது.

வலைக்கு மாற்று ஒலி. கப்பலிலிருந்து அனுப்பும் ஒலித்துடிப்பு திரளில் பட்டுத் திரும்பும் எதிரொலியின் வலிமையிலிருந்து கிரிலின் எடையைக் கணிப்பது அம்முறை. ஒற்றைக் கிரில் எவ்வளவு ஒலியைத் திருப்பியனுப்பும் என்பது அதன் நீளம், உடலின் கொழுப்பு, அந்த நொடியில் அது சாய்ந்திருக்கும் கோணம் ஆகியவற்றைப் பொறுத்தது. 2000-ஆம் ஆண்டில் ஜப்பான், ரஷ்யா, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் 4 கப்பல்கள் தென்பெருங்கடலின் தென்மேற்கு அட்லாண்டிக் பகுதியில் நடத்திய அளவையின் முடிவு முதலில் 4.4 கோடி டன் என்று வெளியானது. எதிரொலிக் கணிதத்தைத் திருத்தியபோது அது 3.7 கோடி டன்னாக இறங்கியது. 2010-இல் மறுபடி திருத்தியபோது 6 கோடி டன்னைத் தாண்டியது. கடலில் ஒரு கிரில்கூடக் கூடவோ குறையவோ இல்லை. ஒரே பதிவுகள், மூன்று விடைகள். 2019-இல் நடந்த புதிய அளவை 6.26 கோடி டன் என்று சொன்னபோது, 2000-ஆம் ஆண்டின் எந்த எண்ணோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து ‘கூடிவிட்டது’ என்றும் ‘அப்படியே இருக்கிறது’ என்றும் வாதாட இடமிருந்தது.

இனி எனக்கு மிகவும் வியப்பூட்டும் செய்திக்கு வருகிறேன். ஒரு மீனின் வயதைச் செவிக்கல்லின் வளையங்களைக் கொண்டு சொல்லலாம். வயது தெரிந்தால் ஆண்டுக்கு எத்தனை குஞ்சுகள் தேறுகின்றன, எத்தனை இறக்கின்றன என்று கணக்கிடலாம். ஆனால் கிரில் கோடையில் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ஓட்டை முழுவதுமாகக் கழற்றிவிடுகிறது. கண்ணின் மேற்பரப்பும், இரைப்பையின் உட்பூச்சும்கூட அந்தக் கழிந்த ஓட்டோடு போய்விடும். வயதைப் பொறித்துவைக்க நிலையான உறுப்பு இல்லை என்றே நெடுங்காலம் எண்ணினார்கள். சரி, நீளத்தை வைத்தாவது வயதை ஊகிக்கலாம் என்றால், அதற்கும் வழியில்லாமல் செய்தது 1982-இல் இக்கேடாவும் டிக்சனும் வெளியிட்ட சோதனை. உணவு எதுவும் தராமல் ஆய்வகத் தொட்டியில் வைத்த கிரில்கள் 211 நாட்கள் வரை உயிரோடிருந்தன. அந்தக் காலம் முழுவதும் அவை வழக்கம்போல் ஓட்டைக் கழற்றிக்கொண்டே இருந்தன. ஆனால் ஒவ்வொரு முறையும் உள்ளிருந்து வந்த உடல் முன்னதைவிடச் சிறியதாக இருந்தது. தன் தசையையே எரித்து வாழும் விலங்கு, ஓட்டின் அளவையும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்கிறது. பாலுறுப்புகளின் புறத்தோற்றமும் பின்வாங்கி, முதிர்ந்த கிரில் இளங்கிரில்போல் ஆகிவிடுகிறது. வலையில் 4 சென்டிமீட்டர் கிரில் ஒன்று கிடைத்தால், அது இரண்டு வயது இளையதா, உணவில்லாத குளிர்காலத்தைக் கடந்துவந்த ஐந்து வயது முதியதா என்று நீளத்தை மட்டும் பார்த்து யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இதற்கு ஒரு தடயம் கண்ணில் கிடைத்தது. உடல் சுருங்கும்போது கண் அதே விகிதத்தில் சுருங்குவதில்லை. ஆகவே உடலுக்குப் பொருந்தாத பெரிய கண் உள்ள கிரில் அண்மையில் பட்டினி கிடந்தது என்று கொள்ளலாம். பின்னர் 2017-இல், கண்காம்பை மெல்லிய சீவல்களாக வெட்டிப் பார்த்தால் மரத்தில் உள்ளதுபோல் ஆண்டு வளையங்கள் தெரிகின்றன என்று, ஆய்வகத்தில் வளர்ந்து வயது தெரிந்த கிரில்களோடு ஒப்பிட்டு நிறுவினார்கள். 5 முதல் 7 ஆண்டுகள் வாழும் விலங்கு என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. ஒவ்வொரு கிரிலின் கண்காம்பையும் சீவுவது நடைமுறைக்கு ஒவ்வாது. ஆனாலும் நூறாண்டுகளாகத் திறக்காத கதவு ஒன்று இடுக்களவு திறந்திருக்கிறது.

பெருக்கம் எப்படி நிகழ்கிறது என்பதும் கணக்கைக் குலைக்கும். பெண் கிரில் ஒருமுறைக்கு ஆயிரக்கணக்கில், 10,000 வரை முட்டையிடும். கோடையில் பலமுறை இடும். முட்டைகள் மூழ்கிக்கொண்டே வளர்ந்து, ஆழத்தில் பொரிக்கும். வாயே திறக்காத குடம்பி (முட்டையிலிருந்து வெளிவந்த இளம்பருவ உயிரி), முட்டையில் மிஞ்சிய மஞ்சள் கருவை மட்டும் நம்பி மேல்நோக்கி நீந்தத் தொடங்கும்; ஒளியுள்ள நீரை எட்டும்போதுதான் முதன்முதலாக உண்ணும் பருவத்தை அடையும். மார் தம் நூலில் விவரித்த வளர்நிலை ஏற்றம் இதுதான். பெரியவை கோடையில் சேர்த்த கொழுப்பைக் கொண்டும், உடலைச் சுருக்கிக்கொண்டும் குளிர்காலத்தைக் கடந்துவிடும். குடம்பிகளுக்கு அந்தச் சேமிப்பு இல்லை. பட்டினியைச் சில வாரங்களுக்கு மேல் தாங்க இயலாது. கடற்பனியின் அடியில் வளரும் பாசிதான் அவற்றின் குளிர்கால வாழ்வாதாரம். பனி முன்கூட்டியே உறைந்து விரிவாகப் பரவும் ஆண்டில் குஞ்சுகள் திரளாகத் தேறும். பனி குறைந்தால் அந்த ஆண்டின் தலைமுறையே அநேகமாக இல்லாமல் போகலாம். தீபகற்பத்தின் மேற்கில் நடக்கும் நெடுங்கால ஆய்வுகளில், ஏறத்தாழ 5 முதல் 6 ஆண்டுகளுக்கு ஒரு சுற்று என்ற அளவில் எண்ணிக்கை ஏறி இறங்குவது தெரிகிறது. அலையின் உச்சியில் அளக்கத் தொடங்கி அடியில் முடித்தால் வீழ்ச்சி. அடியில் தொடங்கி உச்சியில் முடித்தால் வளர்ச்சி.

இனிச் சர்ச்சையைப் படிக்கலாம். 2004-இல் அட்கின்சனும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரை, 1970-களுக்குப் பின் தென்மேற்கு அட்லாண்டிக் பகுதியில் கிரிலின் அடர்த்தி குறைந்திருப்பதாகவும், முந்தைய குளிர்காலத்துக் கடற்பனியின் பரப்போடு அது இணைந்து செல்வதாகவும், கிரிலுக்குப் போட்டியான சால்ப் என்னும் கூழுடல் உயிரி பெருகிவருவதாகவும் சொன்னது. 2018-இல் காக்ஸும் உடனாய்வாளர்களும் 1976 முதல் 2016 வரையிலான தரவுகளை வேறொரு புள்ளியியல் முறையில் ஆராய்ந்து, வீழ்ச்சிக்குச் சான்று இல்லை என்றார்கள். முதல் தரப்பு 2019-இல் மறுப்பு எழுதி, வீழ்ச்சிக்கான சான்று நிற்கிறது என்றது. இடையில் இருப்பது பெரும்பாலும் ஒரு புள்ளியியல் தகராறு: பல வலைகளில் ஒரு கிரில்கூட வராது, சில வலைகள் திரளின் நடுவில் விழுந்து நிரம்பி வழியும். கன மீட்டருக்கு 10,000-க்கும் மேற்பட்ட கிரில்கள் இருக்கும் திரளும், அதை ஒட்டியே வெறும் நீரும் இருக்கும் கடலில், சராசரி என்பது ஒரு சில வலைகளின் கையில் இருக்கிறது. வெற்று வலைகளுக்கும் நிரம்பிய வலைகளுக்கும் என்ன எடை தருகிறோம் என்பதிலேயே முடிவு மாறிவிடும்.

எனினும் இரு தரப்பும் சமம் என்று சொல்லி நழுவ நான் விரும்பவில்லை. மொத்த எண்ணிக்கையைப் பற்றிய வாதத்தைவிட வலுவான சான்று 2019-இல் வந்த வேறோர் ஆய்வில் இருக்கிறது. சுமார் 90 ஆண்டுக்காலத் தரவுகளில், கிரில் செறிந்துள்ள பகுதியின் மையம் ஏறத்தாழ 440 கிலோமீட்டர் தெற்கே, அண்டார்க்டிகக் கரையை நோக்கி நகர்ந்திருக்கிறது. சராசரி நீளம் 6 மில்லிமீட்டர் கூடியிருக்கிறது. நீளம் கூடியது நல்ல செய்திபோலத் தோன்றும். சுருங்கும் விலங்கில் சராசரி கூடுகிறது என்றால், கூட்டத்தில் இளையவை குறைந்து முதியவை மிஞ்சியிருக்கின்றன என்பதே பொருத்தமான விளக்கம். வலையின் வாய் எவ்வளவு, பகலா இரவா என்பதால் எண்ணிக்கை ஆட்டம் காணும் அளவுக்கு, இடமும் நீளமும் ஆட்டம் காண்பதில்லை. ஆகவே எவ்வளவு குறைந்தது என்பது முடிவாகாத கேள்வி. வடக்கு விளிம்பில் இடம் சுருங்கி, குஞ்சுகள் தேறுவது தளர்ந்திருக்கிறது என்பதை நான் ஏற்கிறேன்.

‘திமிங்கிலங்கள் போனபின் கிரில் பெருகியிருக்க வேண்டாமா?’ என்ற கிளைக் கேள்வியும் வழக்கமாக எழும். 20-ஆம் நூற்றாண்டில் தென்கோளத்தில் 20 லட்சத்துக்கும் அதிகமான திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. அவை தின்றிருக்கக்கூடிய 15 கோடி டன் கிரில் ஆண்டுதோறும் மிஞ்சும் என்று 1977-இல் கணக்கிட்டார்கள். அந்த உபரி கண்ணில் படவேயில்லை. 2021-இல் திமிங்கிலங்களின் உடலில் உணர்கருவிகளைப் பொருத்தி அளந்தபோது, வேட்டைக்கு முன் அவை ஆண்டுக்கு 43 கோடி டன் கிரிலைத் தின்றிருக்க வேண்டும் என்று தெரிந்தது. தென்பெருங்கடல் முழுவதிலும் உள்ள கிரில் மொத்தமுமே 37.9 கோடி டன் என்பது 2009-இன் மதிப்பீடு; அதாவது உலக மாந்தர் அனைவரின் எடைக்கும் ஏறக்குறைய நிகர். விடை இரும்பில் இருப்பதாகப் பலர் கருதுகிறார்கள். தென்பெருங்கடலில் மற்ற சத்துகள் ஏராளம், இரும்பு மட்டும் பற்றாக்குறை. திமிங்கில எச்சத்தில் இரும்பு, சுற்றியுள்ள நீரைவிடக் கோடி மடங்கு அதிகம். கிரிலைத் தின்றவையே அதன் உணவான பாசிக்கு உரமிட்டும் வந்தன என்றால், தின்பவை அழிந்தபோது விளைச்சலும் சரிந்திருக்கும். இது முழுவதும் நிறுவப்பட்ட முடிவு அல்ல, எனினும் இப்போதுள்ள விளக்கங்களில் இதுவே பொருந்தி வருகிறது.

  

கடைசியாக, இந்த எண்களுக்கு நடைமுறையில் என்ன வேலை என்பது. கிரில் பிடிப்பை முறைப்படுத்துவது ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட அண்டார்க்டிகக் கடல்வாழ் உயிர்வளப் பாதுகாப்பு ஆணையம். அதன் உடன்படிக்கை 1982-இல் நடைமுறைக்கு வந்தது. தென்மேற்கு அட்லாண்டிக் பகுதியில் 56.1 லட்சம் டன் வரை பிடிக்கலாம் என்பது கணக்கிட்ட எல்லை; ஆனால் பிடிப்பைச் சிறு பகுதிகளுக்குப் பங்கிடும் ஏற்பாடு முடிவாகும்வரை 6,20,000 டன்னைத் தாண்டக்கூடாது என்பது நடப்பு விதி. இந்த இரண்டாம் எண் எந்த உயிரியல் கணக்கிலிருந்தும் வந்ததன்று. பழைய ஆண்டுகளில் ஒவ்வொரு பகுதியிலும் பிடித்த உச்ச அளவுகளைக் கூட்டியது, அவ்வளவே. 6 கோடி டன்னில் அது ஒரு விழுக்காடு என்று சொல்லி அமைதி கொள்வோர் உண்டு. கப்பல்கள் 6 கோடி டன்னிலும் சீராக வலை வீசுவதில்லை. பென்குவின்கள் குஞ்சு வளர்க்கும் தீபகற்பத்தின் குறுகிய நீரிணைகளிலும் கரையோரத்திலும், திரள் அடர்ந்த இடம் பார்த்தே வீசுகின்றன. இந்த நெருக்கடியைத் தவிர்ப்பதற்காக 2009 முதல் இருந்த பகுதிவாரிப் பங்கீடு, உறுப்பு நாடுகள் உடன்படாததால் 2024-இல் காலாவதியானது. அடுத்த பருவத்திலேயே, 2025 ஆகஸ்டில், பிடிப்பு 6,20,000 டன் எல்லையைத் தொட்டு, வரலாற்றில் முதன்முறையாகப் பருவம் முடியும் முன்பே மீன்பிடி நிறுத்தப்பட்டது. மொத்தக் கடலில் எத்தனை கோடி டன் என்ற கேள்வியைவிட, எந்த மாதத்தில் எந்த நீரிணையில் எவ்வளவு என்ற கேள்விக்குத்தான் அளவைக் கப்பல்களும் நீர்மூழ்கிக் கருவிகளும் இனி விடை தேட வேண்டியிருக்கிறது.